பத்தோடு பதினோராவது ரெஜிஸ்டர் வேண்டாம், சிஸ்டர்

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்குவதைக் குறைக்க, ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்து எழுத ஒரு படிவம் தயாரித்தார் புதிதாக வந்த ஸ்டாஃப் நர்ஸ். “இதுக்கெல்லாம் நேரம் எங்கே?” என்று சீனியர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பெண் சோர்ந்துபோயிருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சீனியர்கள் சொல்வது சாக்கு இல்லை, சிஸ்டர். கேஸ் ஷீட்டில் எழுதியதையே ரிப்போர்ட் புக்கிலும் எழுதிக் கை ஓய்ந்தவர்களிடம் இன்னொரு தாளை நீட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும். படிவத்தை விட்டுவிடுங்கள். யோசனை அருமையானது, அதை விடாதீர்கள்.

வென்ஃப்ளான் போட்ட தேதியையும் நேரத்தையும் பிளாஸ்டர் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். டியூட்டி மாறும்போது மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஓவர் கொடுப்பதற்குப் பதில், கட்டிலருகே நின்று கொடுக்கட்டும். வருகிறவர், போகிறவர் இருவருமே நோயாளியின் கையைப் பார்த்துவிடலாம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்தாலே ரத்தக்குழாய் அழற்சி ஆரம்பித்துவிட்டது, கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும் என்கிறது, இந்த அழற்சியைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடப் பல நாடுகளில் புழங்கும் வி.ஐ.பி. ஸ்கோர். மருந்து எதுவும் ஏறாமல் சும்மா கிடக்கும் வென்ஃப்ளானை டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடலாம். ஒன்று, பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழக்கூடாத விஷயங்களை மட்டும் மேசையிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முழு வார்டிலும் ஆரம்பிக்காதீர்கள். ஆறு கட்டில், ஒரு வாரம் போதும். எங்கே இடிக்கும் என்பது அதிகம் முணுமுணுக்கும் சீனியருக்குத்தான் தெரியும், அவரையே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

1980களில் இங்கிலாந்தின் பர்ஃபோர்ட் என்ற ஊரின் சிறிய மருத்துவமனையில் ஆலன் பியர்சன் என்ற செவிலியர், இந்த நோயாளியின் பராமரிப்புக்கு இந்த நர்ஸ்தான் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்து வார்டு நடைமுறையையே மாற்றினார். செவிலியர்களே புதிய பராமரிப்பு முறைகளைச் செய்துபார்க்கும் வார்டுகள், செவிலியர் மேம்பாட்டுப் பிரிவுகள் என்று அங்கே பின்னால் பரவியதற்கு அது ஒரு தொடக்கம். நம் வார்டுகளின் கூட்டத்தில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் பொறுப்பைக் கையில் கொடுப்பதற்குச் செலவில்லையே!

அப்புறம், கணக்கு எழுதுங்கள். முந்தைய வாரம் எத்தனை பேருக்கு வீங்கியது, இந்த வாரம் எத்தனை பேருக்கு, அவ்வளவுதான். அந்தத் தாளோடு நர்சிங் சூப்பரின்டெண்டிடம் போகும்போது அந்தப் பெண்ணையே பேசவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நிலைப்படும்வரை அவரை வேறு வார்டுக்கு மாற்ற வேண்டாம்.