பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். வேலைக்காக பெர்லினில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே சில ஏரிக்கரைகளில் குடும்பம் குடும்பமாக ஆடையில்லாமல் குளிக்கிறார்கள். முதலில் கூசியது, பிறகு நானும் பழகிவிட்டேன். என் உடம்பைப் பற்றி எனக்கிருந்த தாழ்வு மனப்பான்மை அங்கேதான் போனது. ஊருக்கு வந்து ஒரு நண்பனிடம் சொன்னேன். அது அம்மா காதுக்குப் போய், மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. தை மாதம் கல்யாணம். நான் செய்தது தவறா? பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ஆலைப் புகையும் நெரிசலும் மண்டிய நகரங்களில், வெயிலும் காற்றும் உடம்பில் பட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர்கள் தொடங்கிய பழக்கம் அது. 1933-இல் நாஜிகள் தடை போட்டும் அது அழியவில்லை. நம் நாட்டிலேயே, மும்பையை அடுத்த தானேயில் 1891-இல் ஓர் ஆங்கிலேய நீதிபதி இதற்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார். அவரையும் சேர்த்து மூன்றே உறுப்பினர்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்களைப் பிற்போக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கழுகுமலைப் பாறையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஆடையில்லாத சமணத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. அது எல்லாவற்றையும் துறந்தவர்களின் கோலம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். அங்கே தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்ததற்காக அடிபட்டார்கள், நடுத்தெருவில் துணி கிழிக்கப்பட்டார்கள். 1859-இல் மார்பை மறைக்கலாம் என்று மன்னரின் அறிவிப்பு வந்தபோதுகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஆடையைக் களைவதில் நீங்கள் கண்ட விடுதலையை, அதை உடுத்துவதற்காக எங்கள் பாட்டிமார் போராடிப் பெற்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த ஏரிக்கரையில் ஆடையைக் கழற்றச் சொல்லி உங்களை யாரும் வற்புறுத்தவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

சிறு வயதில் தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் என் அத்தையோடு குளித்திருக்கிறேன். பாவாடையைக் குறுக்கே கட்டி முங்கி எழுவார். கரையேறியதும் உலர்ந்த சேலையின் முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை நழுவவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டி முடிப்பார். பத்தடி தள்ளி ஆண்கள் கோவணத்தோடு துவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெறித்துப் பார்க்காத அந்தப் பண்புதான் பெர்லின் ஏரிக்கரையிலும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அதற்காகத் தாமிரபரணியில் முயன்று பார்க்க வேண்டாம். அங்கே வருபவர்கள் இதற்குச் சம்மதித்து வரவில்லை. சட்டமும் இடம் கொடுக்காது. பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாகும் ஆபாசச் செயல் என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால், மூன்று மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் எப்படி இருந்தாலும் அது உங்கள் பாடு. படம் மட்டும் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள், தாலி கட்டுவதற்கு முன்பே. வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். எங்கே, யார் யாரோடு, ஏன் பிடித்தது என்று, எனக்கு எழுதிய அதே நேர்மையோடு சொல்லுங்கள். "இனிமேல் போகக் கூடாது" என்று அவர் கேட்கலாம். உங்களால் அது முடியுமா என்று அதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவரையும் வரச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தாதீர்கள்.

அம்மாவின் மௌனத்தில் எனக்குத் தெரிவது பயம். பெண் வீட்டாருக்கு எட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தாய் இரவெல்லாம் விழித்துக் கிடப்பார். ஜெர்மனி வரலாறெல்லாம் அவருக்கு வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அங்கே தப்புத்தண்டா எதுவும் நடக்கவில்லை அம்மா, பெண்ணிடமும் நானே சொல்லிவிடுகிறேன்" என்று ஒருமுறை சொல்லுங்கள். பதில் வர இன்னும் ஒரு வாரம் ஆனாலும் காத்திருங்கள்.