வாசகர் கேள்விகள்: பர்மிங்ஹாமின் 16ஆம் தெரு ஆலயம்

கேள்வி: அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் 1963இல் குண்டு வெடித்த பாப்டிஸ்ட் ஆலயத்தைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன் அது எப்படி இருந்தது? அதை ஏன் குறிவைத்தார்கள்?

பதில்: அலபாமா மாநிலத்தின் அந்தத் தொழில் நகரம் பிறந்தது 1871இல். இரண்டே ஆண்டில் கறுப்பின மக்கள் இந்தச் சபையைத் தொடங்கிவிட்டார்கள். 1884இல் அவர்கள் எழுப்பிய செங்கல் கட்டடத்தை 1908இல் நகர நிர்வாகம் இடிக்கச் சொன்னது. இன்றுள்ள இரட்டைக் கோபுர ஆலயம் 1911இல் முடிந்தது. வரைபடம் போட்ட வாலஸ் ரேஃபீல்ட் கறுப்பினத்தவர்; கட்டிய ஒப்பந்தக்காரர்களும் அப்படியே. செலவு 26,000 டாலர்.

அவசியம் கவனிக்க வேண்டியது கீழ்த்தளம். மேலே ஆராதனை, கீழே கூட்ட அரங்கு. வெள்ளையர்களின் மண்டபங்களில் நுழைய முடியாத ஊரில், சொற்பொழிவுக்கும் கச்சேரிக்கும் கறுப்பின மக்கள் கூடிய இடம் இது. கறுப்பின அறிஞர் டுபாய்ஸ், பாடகர் பால் ராப்சன் போன்றவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுப்பதும் ஆலயத்தை யாருக்குத் திறந்துவிடுவது என்பதும் சபையார் முடிவு. 1963 மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் உரிமை கேட்டு ஊர்வலம் கிளம்பியது இந்த வாசலில்தான். மறுநாள் எதிரிலிருக்கும் கெல்லி இங்ராம் பூங்காப் பக்கம் அவர்கள்மேல் போலீசார் நாய்களை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். போராட்டத்தின் கூடுமிடமாக இருந்ததால்தான் இந்த ஆலயம் குறியானது.

செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10.22. வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள் கிழக்குப் படிக்கட்டுக்கு அடியில் வைத்த டைனமைட் வெடித்தது. கீழ்த்தளத்தில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. நால்வரும் இறந்தார்கள். முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க 1977 ஆனது. மற்ற இருவருக்கு 2001, 2002. இந்தத் தாமதம் மன்னிக்கவே முடியாதது.

கேள்வி: அங்குள்ள வேல்ஸ் ஜன்னல் என்பது எது?

பதில்: உள்ளே பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் தெரியாது. திரும்பி, பால்கனி மட்டத்தில் பாருங்கள்: வண்ணக் கண்ணாடியில் கைவிரித்த கறுப்புக் கிறிஸ்து. பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக் கலைஞர் ஜான் பெட்ஸ் செய்தது, 1965இல் வைத்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பின் வேல்ஸ் நாளிதழ் ஒன்று இதற்காகப் பணம் திரட்டியபோது ஒருவர் அரை கிரவுனுக்கு (அன்றைய பிரிட்டிஷ் நாணயம்) மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்தது. பணக்காரர் ஒருவரே முழுச் செலவையும் ஏற்றுவிடக் கூடாது என்பதே காரணம்.

கேள்வி: பழைய பாப்டிஸ்ட் சபையொன்றின் வரலாற்றைத் தேட எங்கே தொடங்குவது?

பதில்: உறுப்பினர் பட்டியல், சபைக் கூட்டக் குறிப்பேடு இரண்டும் சபையிடமே இருக்கும், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரே காப்பகத்தை நம்ப வேண்டாம். ஞானஸ்நானத் தேதியிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். இங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பிறகே தண்ணீரில் முழுக்குவார்கள். அடுத்தது பெயர். 16ஆம் தெரு சபை தொடக்கத்தில் 'பர்மிங்ஹாம் முதல் நிறத்தவர் பாப்டிஸ்ட் சபை' (First Colored Baptist Church; 'நிறத்தவர்' என்பது கறுப்பினத்தவரைக் குறித்த அக்காலச் சொல்) என்றே அழைக்கப்பட்டது. இன்றைய பெயரில் மட்டும் தேடினால் ஆரம்பகாலப் பதிவுகள் கைக்கு வராது.