ஆதித் திருச்சபை தன் மூல விசுவாசத்தைக் காத்ததா?

கேள்வி: இயேசுவைக் கடவுளாக வழிபடும் நம்பிக்கை, 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் விருப்பப்படி புகுத்தப்பட்டது என்கிறார்களே? அப்படியானால் கிறிஸ்தவம் தன் தொடக்க விசுவாசத்தை அப்போதே கைவிட்டுவிட்டதா?

பதில்: சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன்தான், ஆனால் அந்த நம்பிக்கை அங்கே பிறந்தது என்பதற்குச் சான்றுகள் இடம் தரவில்லை. நிசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112இல், பித்தினியாப் பகுதியை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் ஒன்றுகூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதித் துதிபாடுகிறார்கள் என்றும், திருட்டும் விபசாரமும் செய்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் அதில் எழுதுகிறார். மேலும் உண்மையறிய, திருப்பணியாளர்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். கிறிஸ்தவத்தின் மீது எவ்விதப் பரிவும் இல்லாத ஒருவரின் சாட்சியம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அதற்கும் முன்பு, 50களில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதைத் தாம் பெற்றுக்கொண்டபடியே ஒப்படைத்ததாகப் பவுல் கூறுகிறார்.

நடைமுறைகள் மாறியது உண்மை. யூதரல்லாத புறவினத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை என எருசலேமில் அப்போஸ்தலர்களே முடிவு செய்தார்கள். நிசேயாவில் எழுந்த வழக்கோ வேறு: கடவுளின் மகனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்று ஆரியஸ் என்ற குரு போதித்ததைச் சங்கம் மறுத்தது. அது பேரரசரின் விருப்பம் மட்டுமே என்றால், அதே கான்ஸ்டன்டைன் பின்னர் ஆரியஸைத் திரும்ப அழைத்ததும், நிசேயா முடிவின் உறுதியான காவலரான ஆயர் அத்தனாசியுவை, இன்றைய ஜெர்மனியிலுள்ள டிரியருக்கு நாடுகடத்தியதும் எப்படிப் பொருந்தும்?

ஆகவே விசுவாச அறிக்கையில் தொடர்ச்சி இருந்தது என்றே நான் கருதுகிறேன். வழுவல் நேர்ந்தது அதிகாரத்தைக் கையாண்ட விதத்தில். துன்புறுத்தப்பட்ட சபைக்கு 313இல் வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. நூறு ஆண்டுகள்கூட ஆகுமுன், ஏறத்தாழ 385இல், சக ஆயர்கள் தொடுத்த வழக்கில், பிரிசில்லியன் என்ற ஆயர் டிரியரில் தலை வெட்டப்பட்டார். தண்டனைக்குக் காட்டிய காரணம் சூனியம் என்றாலும், வழக்கின் வேர் போதனைச் சர்ச்சைதான். தண்டனைக்கு முன்பே டூர்ஸ் ஆயர் மார்ட்டின், பேரரசர் மாக்சிமஸிடம் நேரில் சென்று, இரத்தம் சிந்த வேண்டாம் என மன்றாடி வாக்குறுதியும் பெற்றார். அவர் ஊர் திரும்பிய பின் அந்த வாக்கு காற்றில் பறந்தது.