யாரும் உங்களை ஏமாற்றவில்லை

கேள்வி: 2025இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பில், டைம் ட்ரையலில் (ஒவ்வொருவராகப் புறப்பட்டு நேரத்தோடு மோதும் பந்தயம்) பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபுலிடம் அவ்வளவு மோசமாகத் தோற்ற ஸ்லோவேனியாவின் ததேய் பொகச்சார், ஒரே வாரத்தில் சாலைப் பந்தயத்தை வென்றார். மகளிர் பந்தயத்திலோ நட்சத்திர வீராங்கனைகள் எல்லாரும் நம்மை ஏமாற்றிவிட்டார்கள். 2026 மாண்ட்ரியால் போட்டிக்கு முன்பாவது யார் ஃபார்மில் இருக்கிறார் என்று சரியாகக் கணிக்க வழி உண்டா?

பதில்: ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்; மற்றதைப் பிறகு பேசலாம். டெமி வோலரிங்கோ போலின் ஃபெராண்ட்-ப்ரேவோவோ உங்களுக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கொடுத்தவை, பந்தயத்துக்கு முந்தைய வாரம் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று அச்சிட்டு வெளியிடும் விளையாட்டுப் பக்கங்கள். கணிப்பு பொய்த்தால் கணித்தவர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? ஆனால் மறுநாள் காலையில் அதே பக்கங்களில், ஏறிய மேடுகளையெல்லாம் ஏறி முடித்துக் களைத்துப்போன வீராங்கனையின் படத்துக்குக் கீழே ‘ஏமாற்றம்’ என்ற தலைப்பு வருகிறது. இந்தப் பழக்கத்தை எதிர்த்து இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

கிகாலி மகளிர் பந்தயத்தில் நடந்தது என்ன? கனடாவின் மாக்டலென் வாலியேர், முன்னால் சென்ற சிறு கூட்டத்தில் இடம் பிடித்து, கடைசிச் சுற்றில் கிமிஹுருராவின் கல் பாவிய ஏற்றத்தில் மற்றவர்களை உதறிவிட்டுத் தனியாகப் போய் வென்றார். நட்சத்திரங்கள் பின்னால் இருந்தார்கள். அவர்களிடம் துரத்துவதற்கு வலு இல்லாமல் இல்லை. யார் துரத்துவது என்பதில்தான் சிக்கல். முன்னால் நின்று காற்றைக் கிழிப்பவர் தன் சக்தியைச் செலவழித்து, சக்கரத்தை ஒட்டி வருபவரைக் கடைசி மேட்டின் அடிவாரத்தில் புத்துணர்ச்சியோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இது இருவருக்கும் தெரியும் என்பதால் இருவரும் தயங்குகிறார்கள். தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் முன்னால் போனவருக்கு லாபம். வாலியேருக்கு எந்தப் பட்டியலிலும் நட்சத்திரம் கிடையாது. அவரைத் துரத்தியே ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றாததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. நட்சத்திரம் குத்துகிறவர்கள் பந்தயத்தைக் கணிப்பதோடு நிற்கவில்லை, யாரை யார் கண்காணிப்பது என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறார்கள்.

இப்போது பொகச்சாருக்கு வருகிறேன். செப்டம்பர் 21 அன்று நடந்த டைம் ட்ரையலில், அவருக்கு இரண்டரை நிமிடம் பின்னால் புறப்பட்ட எவெனபுல், அவரைச் சாலையிலேயே எட்டிப் பிடித்துக் கடந்து போனார். அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் ‘ஆள் தீர்ந்துவிட்டார்’ என்று தோன்றியிருக்கும். பொகச்சார் நான்காவதாக வந்தார். 28ஆம் தேதி, 267.5 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில், முடிவுக் கோட்டுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போதே கிகாலி மலை ஏற்றத்தில் அவர் தாக்கினார், அதாவது திடீரென்று வேகம் கூட்டிக் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். கடைசிவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. எவெனபுல் இரண்டாவது. பந்தயத்தை முடித்தவர்களே முப்பது பேர்தான்.

இரண்டும் ஒரே மனிதரின் கால்கள், இடையில் ஏழு நாட்கள். டைம் ட்ரையல் என்பது குனிந்த உடம்போடு, ஒரே சீரான வேகத்தில், தனியாக முக்கால் மணி நேரம் செய்யும் வேலை. சாலைப் பந்தயமோ ஆறு மணி நேரத்துக்கும் மேல், நூறு தடவை வேகம் கூடிக் குறைந்து, உணவும் நீரும் சரியாக இறங்கினால்தான் முடியும் வேலை. களைப்படையாத கால்களால் எவ்வளவு மிதிக்க முடியும் என்பது பெரிய விஷயமே அல்ல. ஐந்து மணி நேரம் மிதித்த பிறகு அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே கேள்வி. அதைக் குறுகிய பந்தயங்களின் முடிவுகளிலிருந்து படிக்க முயல்வது வீண்.

நீண்ட பந்தயங்களின் முடிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது. கிகாலிக்கு இரண்டு வாரம் முன்பு, இதே மாண்ட்ரியாலில் நடந்த ஒருநாள் பந்தயத்தில் பொகச்சார் இரண்டாவது. முதலிடம் அவருடைய அணித் தோழர் பிரண்டன் மெக்நல்டி. இருவரும் சேர்ந்தே கோட்டுக்கு வந்தார்கள். வெற்றியை பொகச்சார் தோழருக்கு விட்டுக்கொடுத்தார். முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு தோல்வி. ஒரு வீரர் ஒரு பந்தயத்துக்கு எதற்காக வந்தார், வெல்லவா, பயிற்சிக்கா, தோழருக்கு உழைக்கவா என்று தெரியாமல் அவர் பெற்ற இடத்தைக் கணக்கில் சேர்ப்பவர் கணிக்கவில்லை, கூட்டல் போடுகிறார்.

அதற்காக முன்னறிகுறிகளே பொய் என்று சொல்ல மாட்டேன். 2012இல் பெல்ஜியத்தின் பிலிப் ஜில்பேர் ஆகஸ்ட் வரை ஒரு வெற்றிகூடப் பெறாமல் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்டென் மேட்டுப் பகுதியின் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயங்கள் மூன்றையும் தொடர்ந்து வென்றவர் அவர். பிறகு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்றார். செப்டம்பரில் நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில், கவுபெர்க் ஏற்றத்தில் ஒரே தாக்குதலில் உலகச் சாம்பியன் ஆனார். அங்கே அறிகுறி தெளிவாக இருந்தது: காலம் சரி, ஏற்றத்தின் நீளம் சரி, அவருடைய பாணிக்குப் பாதை சரி. மூன்றும் சேர்ந்தால் நானும் தைரியமாகப் பெயர் சொல்வேன். ஆனால் 2019இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலும் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சில வாரம் முன்பு பிரிட்டன் சுற்றுப் பந்தயத்தை வென்றிருந்தார். குளிரும் மழையும் கொட்டிய அந்த நாளில் வெற்றிக்குப் போகும் கூட்டத்தில் இருந்தவர், கடைசிச் சுற்றில் திடீரென்று கால் சோர்ந்து, பத்து நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி வந்தார். வென்றவர் 23 வயது மேட்ஸ் பெடர்சன்.

என்னைக் கேட்டால், கணிப்பவர்கள் கோட்டைவிடும் மிகப் பெரிய விஷயம் அணி. ஆண்டு முழுவதும் நிறுவன அணிகளுக்கு ஓட்டுபவர்கள் அன்று ஒருநாள் மட்டும் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலான உலகச் சாம்பியன்ஷிப்களில் அணி மேலாளரின் குரலைக் கேட்கக் காதில் ரேடியோவும் கிடையாது. கிகாலி மலையில் பொகச்சார் தாக்கியபோது முதலில் ஒட்டிக்கொண்டு போனவர்கள் ஸ்பெயினின் ஆயுசோவும் மெக்சிகோவின் டெல் டோரோவும். அந்த ஆண்டு மூவரும் ஒரே நிறுவன அணி! நாடு வாரியாக அச்சிட்ட பட்டியலில் இது தெரியவே தெரியாது. 2021இல் லூவெனில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், பெல்ஜியம் அணியின் பெரும்பகுதியை வவுட் வான் ஆர்ட்டுக்காகச் செலவழித்தது. அவருடைய கால்கள் அன்று ஒத்துழைக்கவில்லை, பதினொன்றாவதாக வந்தார். பிரான்ஸின் ஜூலியன் அலஃபிலிப் தனியாக வென்றுபோனார். ஒரே பெயரின்மேல் பெரும்பாலானதை ஏற்றிவைத்த அணிக்கு, அந்தப் பெயர் சறுக்கியதும் திட்டமே சரிந்தது. அலஃபிலிப்பின் ஃபார்ம் எவ்வளவு காரணமோ, எதிரணியின் அந்த முடிவும் அவ்வளவு காரணம்.

2022இல் ஆஸ்திரேலியாவின் வொலங்காங்கில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. நெதர்லாந்தின் ஆன்மீக் வான் ஃப்ளூட்டன் புதன்கிழமை ஆண்-பெண் கலப்பு டைம் ட்ரையலில் புறப்பட்ட சில நொடிகளிலேயே விழுந்து முழங்கை எலும்பை முறித்துக்கொண்டார். சனிக்கிழமை சாலைப் பந்தயத்தில், கைப்பிடியை இழுத்து எழுந்து மிதிக்க முடியாத நிலையில், தோழி மரியான் வோஸுக்கு உதவுவதற்காகவே வந்தார். கடைசிக் கிலோமீட்டரில், வேகப் போட்டிக்கு எல்லாரும் தயாராகிக்கொண்டிருந்த கணத்தில், பின்னாலிருந்து உட்கார்ந்தபடியே பாய்ந்து கடந்து உலகச் சாம்பியன் ஆனார். அவருக்கு அப்போது 39 வயது. எந்த அளவீட்டுக் கருவி இதைக் காட்டியிருக்கும்?

மாண்ட்ரியாலுக்கு வருவோம். ராயல் மலையைச் சுற்றி வரும் சாலைகளும் கமில்யன்-ஊட் ஏற்றமும் 2010 முதல் நடக்கும் செப்டம்பர் பந்தயத்தால் வீரர்களுக்கு நன்கு பழக்கமானவை. 1974இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் உலகச் சாம்பியன் ஆனதும் இந்த நகரில்தான். அன்று இரண்டாவதாக வந்த 38 வயது ரெமோன் பூலிதோர், வான் டெர் பூலின் தாத்தா. தனித்தனியாகப் பார்த்தால் அவ்வளவு பயமுறுத்தாத மேடுகள் திரும்பத் திரும்ப வந்து ஆளைக் கரைக்கும் பாதை அது. ஆகவே ஜூலையில் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் மலைகளில் யார் முதலில் ஏறினார் என்று பார்க்காதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் 200 கிலோமீட்டரைத் தாண்டிய ஒருநாள் பந்தயங்களின் கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். யார் இன்னும் தாக்குகிறார், யார் வெறுமனே ஒட்டிக்கொண்டு வருகிறார் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். பிறகு, ஒவ்வொரு நாடும் யாரை அனுப்புகிறது, அவர்களில் எத்தனை பேர் கடைசி இரண்டு சுற்று வரை தலைவருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடியவர்கள், ஒரு தலைவரா இரண்டு தலைவர்களா என்று எண்ணுங்கள். அணிப் பட்டியல்கள் வெளியானதும் இதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள், பெயரோடு பதில் எழுதுகிறேன். நட்சத்திரம் போட மாட்டேன்.