ஜப்பானில் மொழி படிக்க, ஜப்பானியர் வீட்டில் தங்க: வாசகர் கேள்விகள்

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த ஏப்ரலில் டோக்கியோ மொழிப் பள்ளி ஒன்றில் சேர ஆசை. எப்போது தொடங்க வேண்டும்? – வாசகர், கோவை

பதில்: இப்போதே. ஏப்ரல் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைப் பெரும்பாலான பள்ளிகள் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே முடித்துவிடும். உங்கள் சார்பில் பள்ளிதான் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் சிஓஇ எனப்படும் தகுதிச் சான்றுக்கு மனு போடும். அது வந்து சேரப் பிப்ரவரி கடைசி ஆகிவிடும். அதை வைத்துத்தான் விசா. சிஓஇ 3 மாதமே செல்லும்.

என்5 (ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளில் தொடக்கப் படி) தேர்ச்சி, இல்லையென்றால் 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்ததற்கான சான்று கேட்பார்கள். டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று என்5-ஐத் தள்ளிப்போட வேண்டாம். டிசம்பர் தேர்வின் முடிவு ஜனவரியில்தான் வரும். அதற்குள் விண்ணப்பக் காலம் முடிந்திருக்கும். ஜூலைத் தேர்வை எழுதுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து மட்டும் நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று அங்கே கேள்வி எழும். நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, மொழிபெயர்ப்புடன் முதலிலேயே இணைத்துவிடுங்கள். செலவை ஏற்பவரின் வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் பெரிய தொகையைக் கொண்டுவந்து போடுவதும் வேண்டாம். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் பார்ப்பார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. கியோட்டோவில் ஒரு குடும்பத்தோடு தங்கப் படிவம் நிரப்பினேன். ‘வெஜிடேரியன்’ என்று எழுதியது போதுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்றுதான் பல வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குச் சிக்கல் துண்டில் இல்லை, தாஷி என்ற அடிச்சாற்றில் இருக்கிறது. கத்சுவோ மீனைப் புகையிட்டு உலர்த்திச் சீவிய துருவலில் எடுக்கும் சாறு அது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸுக்கான மென்த்சுயு என்ற சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். தோஃபு என்ற சோயா பன்னீரின் மேலேயும் அந்தத் துருவலைத் தூவுவார்கள். கடையில் விற்கும், ஜப்பானியக் குழம்பு வைக்கக் கரைக்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. உள்ளே வெறும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டாலும் அது சைவம் ஆகாது.

எனவே படிவத்தில் பொருள் பொருளாக எழுதுங்கள்: நிக்கு (இறைச்சி), சகானா (மீன்), தமாகோ (முட்டை), கத்சுவோ தாஷி வேண்டாம், பால், தயிர் சாப்பிடுவேன். குடும்பம் முடிவாவதற்கு முன்பே இது அவர்கள் கைக்குப் போக வேண்டும். போய் இறங்கி, அவர்கள் சமைத்து வைத்த முதல் இரவுச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து சொல்வது இரு தரப்புக்கும் வேதனை.

மாற்று வழியையும் சேர்த்தே சொல்லுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (உலர்ந்த கடற்பாசி) போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் சூடாக்கி, கொதி வரும் முன்பே எடுத்துவிட்டால் மீன் இல்லாத தாஷி தயார். கொதிக்க விட்டால் வழவழப்பும் ஒரு நெடியும் வந்துவிடும். உலர்ந்த ஷிதாகே காளானை ஊறவைத்த தண்ணீர் சேர்த்தால் சுவை கூடும். அடுப்பை அணைத்த பிறகு மிசோவைக் கரையுங்கள், கிண்ணத்துக்கு 1 மேசைக்கரண்டி. மிசோ டப்பாவில் ‘தாஷி இரி’ என்று அச்சிட்டிருந்தால் தாஷி முன்பே கலந்தது. எந்தத் தாஷி என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மிக்ஸி கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மோட்டார் சரியாகச் சுற்றாது. பச்சைக் கறிவேப்பிலையும் விமான நிலையத்தைத் தாண்டாது. பொடிகளே உத்தமம்.

கேள்வி: குளியலறை முறை வேறு என்கிறார்களே? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தொட்டிக்கு வெளியே, ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அது ஊறுவதற்கான வெந்நீர். ஒரே தண்ணீரில் வீட்டார் அனைவரும் ஊறுவார்கள். அதனால் எழுந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடாதீர்கள். மூடியை இட்டு வாருங்கள்.

கேள்வி: என்4 முடித்து ஒசாகாவில் ஒரு குடும்பத்தோடு இருக்கிறேன். வகுப்பில் எல்லாம் புரிகிறது, வீட்டில் பாதிகூடப் புரியவில்லை. என்ன செய்வது? – வாசகர், ஒசாகா

பதில்: வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு போல ஒட்டு சேர்வது எல்லாம் தமிழருக்கு எளிதில் பிடிபடும். திணறுவது வீட்டுப் பேச்சில். வகுப்பில் ‘தாபெமாஸ் கா’ (சாப்பிடுகிறீர்களா) என்று கேட்பதை வீட்டில் ‘தாபெரு?’ என்று இழுத்து முடித்துவிடுவார்கள். ‘தாபெனாய்’ (சாப்பிடமாட்டேன்) ஒசாகாவில் ‘தாபெஹென்’ ஆகும். ‘தமே’ (கூடாது) என்பதற்கு ‘அகான்’, ‘ஹொன்தோ’வுக்கு (நிஜமா) ‘ஹொன்மா’. தினமும் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்த மூன்று வாக்கியங்களை ஹிரகானாவில் எழுதிவைத்து, பாத்திரம் துடைக்கும்போது அவர்களிடமே கேளுங்கள். ஒவ்வொன்றையும் ‘மாஸ்’ என்று முடியும் மரியாதை வடிவத்துக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். தொலைக்காட்சி ஓடும்போது கேட்காதீர்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். ஆனால் இந்த வீட்டுப் பேச்சை ஆசிரியரிடமோ பகுதிநேர வேலைக் கடையின் மேலாளரிடமோ கொண்டுபோக வேண்டாம். அங்கே தெஸ், மாஸ் என்று முடியும் மரியாதைப் பேச்சுதான்.