கறுப்பு மலத்துக்கு ரத்தப் பொரியல்தான் காரணமா?

கேள்வி: காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு வயது 57, விசைப்படகில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, மெட்டோபுரோலால், பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை கலந்த டெல்மிசார்டன், சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மூன்று மாதமாகத் தினம் இரண்டு போடுகிறார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு அதை நிறுத்திவிட்டார். சரியா? கேஸ் மாத்திரை தினமும் போட்டால் எலும்பு கரையுமா? நான்கு நாளாக மலம் கறுப்பாகப் போகிறதாம். போன ஞாயிறு சாப்பிட்ட ரத்தப் பொரியல்தான் காரணம் என்கிறார்.

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களைப் போனில் அழைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இதே மாத்திரைகளோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும் அம்மா. அப்பாவை இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் ஆட்டோ வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தப் பொரியல் சாப்பிட்டால் மலம் கறுக்கும், உண்மைதான். இரும்புச் சத்து மாத்திரையும் கறுப்பாக்கும். ஆனால் ஒரு வேளை சாப்பிட்டது இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும். இரைப்பையிலிருந்து கசியும் ரத்தத்தால் வரும் மலம் தார் போல மினுக்கும், பிசுபிசுக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. அந்த நாற்றத்தை ஒருமுறை வார்டில் முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனாலும் ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் ஒன்றாகச் சாப்பிடும் மனிதருக்கு இந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம். மலம் கறுத்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

நாடி பார்க்கக் கற்றிருப்பீர்கள். ரத்தம் போனால் நாடி வேகமாகும் என்று பாடம் சொல்லும். உங்கள் அப்பா மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். அது நாடியை ஏற விடாது. 78 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

ரத்தம் கசிவதற்கான காரணம் உங்கள் பார்மகாலஜி புத்தகத்திலேயே இருக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அந்தப் பொருள்தான். இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் கோழையைச் சுரக்க வைப்பதும் அதுதான். வலி மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. சுவரில் புண் வருகிறது. அந்தப் புண்ணிலிருந்து கசியும் ரத்தத்தை உறைய வைக்க வேண்டிய தட்டணுக்களை ஆஸ்பிரின் ஏற்கெனவே முடக்கி வைத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் ஒன்றும் ஆகாது, ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பாதகமில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பைக்கு வந்து சேரும்.

டைக்ளோஃபெனாக்கை இந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆஸ்பிரின் விஷயம் வேறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு என்பதை ரத்தக் கசிவைப் பார்க்கும் மருத்துவரும் இதய மருத்துவரும் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மலம் கறுத்துப் போகும்போது வீட்டிலேயே தொடரவும் வேண்டாம். அதனால்தான் இன்றே போகச் சொல்கிறேன்.

கிட்னிக்கு வருவோம். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது கிட்னி வழியாக வெளியேறும் மருந்து. அதனால் கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அளவைக் குறைப்போம், வடிகட்டும் திறன் (eGFR) 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். இந்த இரண்டையும் குழப்பித்தான் வீடியோ போடுகிறார்கள். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திச் சுகரை ஏறவிட்டால், அந்தச் சுகரே கிட்னியைத் தின்றுவிடும். இப்படி நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, மறுபடி எப்போது தொடங்குவது? கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவமனையிலேயே சொல்வார்கள்.

கிட்னிக்கு உண்மையான ஆபத்து, யாரும் சந்தேகப்படாத அந்த வலி மாத்திரைதான். கிட்னிக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைப்பது புராஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக் அதைச் சுருங்க வைக்கிறது. டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. தண்ணீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். அதோடு கடலில் வெயிலில் நின்று வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் கேட்கவே வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. நம் நாட்டில் அவை கூட்டம் கூட்டமாக மடிந்த பிறகு, 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கு அந்த அளவு கொடிய மருந்தல்ல, தேவையான நோயாளிக்குச் சில நாள் நானும் எழுதித் தருகிறேன். ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கடைக்காரர் உங்கள் அப்பாவின் ஸ்டென்ட்டைப் பற்றிக் கேட்டாரா?

கேஸ் மாத்திரையால் எலும்பு கரையுமா என்ற பயத்தை இப்போது விடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை, ஆஸ்பிரின் சாப்பிடும் இந்த வயிற்றுக்குக் காவல். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கடையில் உதிரியாகக் கவரில் போட்டுத் தந்தது ஏதாவது இருந்தால் அதையும் காட்டுங்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் இருக்கும். ஹீமோகுளோபினோடு கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூட்டு வலிக்கு, இதெல்லாம் அடங்கிய பிறகு, பாராசிட்டமால் 650 வேண்டும்போது ஒன்று, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தால் அதைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், கல்லீரலுக்கு ஆகாது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை ஸ்டான்லி பிசியோதெரபி பிரிவில் கேட்டுக் கற்றுக்கொண்டு, வீட்டில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வையுங்கள்.