குயீன் குழுவின் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’ பாட்டு இன்னும் ஏன் சலிக்கவில்லை?

1960, 70களில் வந்து இன்றும் ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கும் ராக் பாட்டுகளைப் பொதுவாக கிளாசிக் ராக் என்கிறோம். அந்த வகைதான் இதுவும். பிரிட்டனின் ராக் குழுவான குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதிய இந்தத் துள்ளல் பாட்டு 1978-ல் ‘ஜாஸ்’ ஆல்பத்தில் வந்தது.

சலிக்காததற்கு முக்கியக் காரணம், அது தொடங்கும் விதம். முதலில் பியானோவும் குரலும் மட்டும், அவசரமே இல்லாமல். பிறகு பேஸ் கிட்டார் சேர்ந்து வேகம் ஏற ஏற, டிரம்ஸ் முழுசாக விழும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 156 தட்டு! சைக்கிளை மேட்டில் மிதித்து ஏற்றிவிட்டு, இறக்கத்தில் பெடலை விட்ட மாதிரி. எடுத்த எடுப்பிலேயே இந்த வேகம் என்றால் காது சீக்கிரம் பழகிப்போயிருக்கும்.

குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேக்குப் பாட்டின் நடுவில் ஒரு சின்ன சோலோ (தனி வாசிப்பு), அவ்வளவுதான். பாட்டை இழுத்துக்கொண்டு போவது பியானோ. ஒரு ராக் குழுவுக்கு இது துணிச்சல்தான். அடுக்கடுக்கான கோரஸ் வேறு, வரி தெரியாதவரையும் கூடப் பாட வைத்துவிடும்.

வந்தபோதே உலகெங்கும் சூப்பர் ஹிட் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1979-ல் ஹிட் பாட்டுகளின் பட்டியலில் பிரிட்டனில் 9-ஆம் இடம், அமெரிக்காவில் வெறும் 86-ஆம் இடம்.